கொங்கிலிருந்து மைசூர் அரண்மனை: கைடு இல்லாமல் அரை நாளில் நிதானமாகப் பார்க்க

நம் பக்கத்திலிருந்து மைசூர் போகிறவர்கள் பெரும்பாலும் வேன் பிடித்துத்தான் போகிறார்கள். ஒரே நாளில் சாமுண்டி மலை, மிருகக்காட்சி சாலை, அரண்மனை, பொழுது சாய பிருந்தாவன் தோட்டம். இதில் அரண்மனைக்குக் கிடைப்பது முக்கால் மணி நேரம். டிரைவர் வாசலில் இறக்கிவிட்டு "சீக்கிரமா வந்துருங்க" என்பார். உள்ளே கூட்டம் தள்ளிக்கொண்டே போகும், அப்படியே வெளியே கொண்டுவந்து விட்டுவிடும். ஊருக்கு வந்தபின் கேட்டால் "பெரிய அரண்மனைங்க, நல்லா இருந்துச்சு" என்பதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்காது.

அந்தக் கட்டடம் அதைவிட அதிகமாகக் கேட்கிறது. என் யோசனை இதுதான்: ஒரு நாள் போய்வாருங்கள், ஆனால் அந்த நாளில் அரண்மனைக்கு மட்டும் முழுசாக அரை நாள் கொடுங்கள். மற்ற இடங்களை இன்னொரு முறைக்கு வையுங்கள். எதை எந்த வரிசையில், எவ்வளவு நேரம் பார்ப்பது என்று தெரிந்துவிட்டால் கைடு தேவையே இல்லை. முதல் முறை போகிறவர்களுக்காக, சத்தியமங்கலத்தில் வண்டி கிளம்புவதில் தொடங்கி எல்லாவற்றையும் சொல்கிறேன்.

போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய கதை

கைடு சொல்லும் கதையில் பாதியை வீட்டிலேயே தெரிந்துகொண்டு போகலாம். கொஞ்சம்தான்.

நம் கொங்கு நாடு நெடுங்காலம் மைசூர் ஆட்சியில் இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் உடையார் மன்னர்கள் காலத்தில் தொடங்கி, ஹைதர் அலி, திப்பு சுல்தான் காலம் வரை வரி அங்கேதான் போயிற்று. சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே மைசூருக்குப் போன வரிப்பணத்தைத் தீரன் சின்னமலை பறித்துக்கொண்டார் என்ற கதையைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் நம்மில் குறைவு. அதனால்தான் அரண்மனை வாசலில் நின்றதும் "எல்லாம் நம்ம வரிப்பணத்துல கட்டுனது" என்று யாராவது சொல்வார்கள். அது சரியில்லை. அந்தக் காலத்து வரி போய்ச் சேர்ந்தது ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு. 1610இல் ராஜ உடையார் அங்கே தலைநகரை மாற்றினார், 1799இல் திப்பு வீழும்வரை அதுதான் தலைநகர். திப்புவுக்குப் பின் கோயமுத்தூர்ப் பகுதியெல்லாம் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. மைசூர் மட்டும் ஐந்து வயதுப் பையனான மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் பெயரில் மறுபடி உடையார்களிடம் வந்தது. நாம் இன்று பார்க்கும் கட்டடம் அதற்கும் நூறு வருஷம் பிந்தியது.

பையனுக்காக முதலில் கட்டியது மர அரண்மனை. 1897இல் இளவரசி ஜெயலட்சம்மண்ணியின் கல்யாணச் சமயத்தில் அது எரிந்துபோனது. அப்போது மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்குப் பன்னிரண்டு வயது. தகப்பனார் 1894லேயே இறந்துவிட்டார். ராஜ்யத்தை நடத்தியது தாயார் மகாராணி கெம்பநஞ்சம்மண்ணி. கணவரை இழந்து, மகள் கல்யாணத்தில் வீடும் எரிந்த நிலையில், அந்த அம்மாள்தான் ஹென்றி இர்வின் என்ற கட்டடக் கலைஞரை அழைத்துப் புது அரண்மனை கட்டச் சொன்னார். வேலை 1912இல் முடிந்தது. செலவு 41 லட்சத்துச் சொச்சம் ரூபாய். நடுவில் அரச குடும்பம் பக்கத்தில் ஜகன்மோகன் அரண்மனையில் குடியிருந்தது.

இர்வினை நமக்கும் தெரியும். சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்தைக் கட்டி முடித்தவர் அவர்தான். எழும்பூர் கன்னிமரா நூலகத்தின் பழைய கட்டடமும் அவருடையது. சிவப்புக் கல், குமிழ் மாடம், வளைவு மேல் வளைவு என்று அங்கே பார்த்ததன் பெரிய அண்ணன் மைசூரில் நிற்கிறது.

இந்தத் தீ விபத்தை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே போங்கள். மரம் எரிந்ததால்தான் இந்தத் தடவை கருங்கல், செங்கல், இரும்பு என்று போனார்கள். உள்ளே ஏன் இத்தனை வார்ப்பிரும்புத் தூண்கள் என்ற கேள்விக்குப் பதில் அங்கே இருக்கிறது.

நாள் பார்ப்பது

அரண்மனைக்கு வார விடுமுறை கிடையாது. காலை 10 மணிக்குத் திறந்து மாலை 5.30க்கு மூடுவார்கள். முதல் தடவை போகிறவர்கள் செவ்வாய், புதன், வியாழனில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மிருகக்காட்சி சாலைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. நம் திட்டத்தில் அது இல்லாததால் கவலையில்லை.

ஞாயிறும் அரசு விடுமுறை நாட்களும் அந்திக்குப் பிறகு அரண்மனை முழுக்க விளக்கு போடுவார்கள். கிட்டத்தட்ட 97,000 பல்புகள். பார்க்க வேண்டிய காட்சிதான், சந்தேகமே இல்லை. ஆனால் அதைப் பார்த்துவிட்டு அன்றே திரும்ப முடியாது. காரணம் திம்பம் மலைப்பாதை, கீழே சொல்கிறேன். விளக்கு பார்க்க ஆசையிருந்தால் ராத்திரி மைசூரில் தங்குவது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

தசரா சமயத்தில் ஒரு லாபம் உண்டு: மன்னரின் தங்க சிம்மாசனத்தை அந்த நாட்களில்தான் பார்வைக்கு வைப்பார்கள். நஷ்டம், மற்ற எதையும் நின்று பார்க்க இடமிருக்காது. நிதானமாகப் பார்க்கும் பயணத்துக்கு அது ஏற்ற காலமில்லை. மே மாத விடுமுறையும் அப்படித்தான். ஆடி, ஆவணியில் மழை லேசாகத் தூறும், கூட்டமும் மட்டாக இருக்கும். எனக்குப் பிடித்த சமயம் அது.

எந்த வழி

கோயமுத்தூர்க்காரர்களுக்கு அன்னூர், புளியம்பட்டி வழியாகச் சத்தி, அதாவது சத்தியமங்கலம். திருப்பூர்க்காரர்கள் அவிநாசி வந்து புளியம்பட்டியில் சேர்ந்துகொள்ளலாம். ஈரோட்டிலிருந்து கோபி வழியாகச் சத்தி. அங்கிருந்து எல்லோருக்கும் ஒரே பாதை: பண்ணாரி, திம்பம், ஆசனூர், காரப்பள்ளம் சோதனைச் சாவடி, சாமராஜநகர், நஞ்சன்கூடு, மைசூர். சத்தியிலிருந்து சுமார் 125 கிலோமீட்டர். மலை ஏறி, காட்டுக்குள் மெதுவாகப் போக வேண்டியிருப்பதால் மூன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊட்டி, கூடலூர், பந்திப்பூர் வழியும் இருக்கிறது. அழகான வழி. ஆனால் நீலகிரிக்கு இப்போது இ-பாஸ் எடுக்க வேண்டும், தூரமும் நேரமும் கூடுதல். அரண்மனைக்காகவே போகிறவர்களுக்கு அது வேண்டாம். பவானி, அந்தியூர்க்காரர்களுக்குப் பர்கூர் மலை வழி கொள்ளேகால் போய்ச் சேரலாம். மேட்டூர்ப் பக்கத்துக்காரர்கள் கொளத்தூர், பாலாறு, மாதேஸ்வரன் மலை வழியாக அதே கொள்ளேகாலுக்கு வருவார்கள். ரயிலில் போக நினைப்பவர்களுக்கு ஈரோடு வழியாக இரவு ரயில் உண்டு. பெங்களூரு சுற்றித்தான் போகும், ஆனால் காலையில் மைசூரில் இறங்கிவிடலாம்.

பஸ்ஸில் போகிறவர்களுக்குக் காந்திபுரத்திலிருந்தும் சத்தி பஸ் ஸ்டாண்டிலிருந்தும் இரண்டு மாநில அரசுப் பேருந்துகளும் ஓடுகின்றன. கோவையில் ஏறுகிறவர்கள் சத்தி வழியா, ஊட்டி வழியா என்று கேட்டு ஏறுங்கள். மைசூர் புறநகர் பஸ் நிலையத்தில் இறங்கினால் அரண்மனை நடக்கும் தூரம்தான்.

திம்பம் ஏறும்போது

இந்தப் பயணத்தில் நேரத்தைத் தீர்மானிப்பது அரண்மனை இல்லை, திம்பம்தான். சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் போகும் இந்தப் பாதை, இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை பண்ணாரிக்கும் காரப்பள்ளத்துக்கும் இடையில் மூடியிருக்கும். விலங்குகள் அடிபட்டுச் சாவதைத் தடுக்க வந்த ஏற்பாடு. சரக்கு லாரிகளுக்கு இன்னும் கடுமையான கட்டுப்பாடு. எனவே காலை ஆறு மணிக்குப் பண்ணாரியில் நிற்கும்படி வெள்ளென எழுந்து கிளம்புங்கள். பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டுத் திருநீறு பூசிக்கொண்டு ஏறுவது நம் பக்கத்து வழக்கம். சாவடி திறக்கும்வரை அதற்கு நேரம் சரியாக இருக்கும்.

27 கொண்டை ஊசி வளைவுகள். முதல் தடவை ஓட்டுகிறவர்கள் பயப்பட வேண்டாம், ஆனால் அவசரம் கூடாது. எதிரே நீளமான லாரி திரும்பினால் வளைவுக்கு முன்பே நின்று வழி விடுங்கள். உள்ளே நுழைந்துவிட்டால் இரண்டு பேரும் மாட்டிக்கொள்வீர்கள். வாந்தி வருகிறவர்கள் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். ஒரு எலுமிச்சம்பழம் கையில் இருந்தால் போதும், காலைச் சாப்பாட்டைச் சாமராஜநகரில் வைத்துக்கொள்ளலாம்.

காட்டுக்குள் வண்டியை நிறுத்தாதீர்கள், இறங்காதீர்கள். குரங்குக்கு எதையும் போடாதீர்கள். ஆசனூர் தாண்டிக் காரப்பள்ளம் பக்கம் கரும்பு லாரிகளை எதிர்பார்த்து யானைகள் சாலையோரம் வந்து நிற்பது வழக்கமாகிவிட்டது. நின்றால் தூரத்திலேயே நிறுத்தி, ஹாரன் அடிக்காமல், விளக்கைப் போட்டு மிரட்டாமல் காத்திருங்கள். அது அதன் வீடு, அது போனபின் நாம் போகலாம். இதை அழுத்திச் சொல்லக் காரணம், செல்போனைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறவர்கள் இன்னும் குறையவில்லை.

மலைமேல் ஆசனூர், தாளவாடிப் பக்கம் போனதும் பேச்சு கன்னடமாக மாறத் தொடங்கிவிடும். மைசூரில் தமிழ் ஓரளவு செல்லும். இருந்தாலும் மூன்று சொல் தெரிந்திருந்தால் நல்லது: எல்லி என்றால் எங்கே, எஷ்டு என்றால் எவ்வளவு, பேடா என்றால் வேண்டாம். மூன்றாவது நிறையப் பயன்படும்.

நஞ்சன்கூடு தாண்டி மைசூரை நெருங்கும்போது வலது கைப்பக்கம் தெரியும் மலைதான் சாமுண்டி மலை. அதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே போனபின் அது மறுபடி வேண்டியிருக்கும்.

வாசலில்

பொதுமக்கள் நுழைவது தெற்குப் பக்கத்து வராக வாசல் வழியாக. கிழக்கே இருக்கும் பெரிய வாசலைப் பார்த்துவிட்டு அங்கே போய் நிற்காதீர்கள். படங்களில் வருவது அதுதான், ஆனால் டிக்கெட் கொடுப்பது தெற்கில். காரைச் சாலையோரம் விடாமல் கட்டண நிறுத்துமிடத்திலேயே விடுங்கள்.

வண்டியை விட்டு இறங்கியதுமே ஆட்டோக்காரர்களும் கைடுகளும் சூழ்ந்துகொள்வார்கள். "பட்டு பேக்டரி, சந்தன எண்ணெய் பேக்டரி காட்டுறேன், அரண்மனை இப்ப திறக்கல" என்றெல்லாம் தமிழிலேயே பேசுவார்கள். பேடா என்று சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருங்கள். நின்று பதில் சொன்னால் பத்து நிமிஷம் போய்விடும். நல்ல கைடுகளும் இருக்கிறார்கள், அவர்கள் பிழைப்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவர்கள் வேகத்துக்கு நாம் ஓட வேண்டியிருக்கும், இன்றைக்கு நாம் வந்தது ஓடுவதற்கு இல்லை.

10 மணிக்குத் திறந்ததும் முதல் கூட்டத்தோடு உள்ளே போய்விடுவது நல்லது. பள்ளிக்கூடப் பஸ்கள் வந்து சேர எப்படியும் பதினொன்று ஆகிவிடும். டிக்கெட் வாங்கி, பை சோதனை முடிந்ததும் கழிவறைக்குப் போய்வந்துவிடுங்கள். செருப்பை அதற்கான இடத்தில் விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் உள்ளே போக வேண்டும். கல் தரை மத்தியானத்தில் சுடும். வயதானவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள் கெட்டியான காலுறை போட்டுக்கொண்டு வருவது புத்திசாலித்தனம். படம் எடுப்பது பற்றி வாசலில் போட்டிருக்கும் அறிவிப்பைப் படித்துவிட்டு உள்ளே போங்கள்.

முதல் அரை மணி: வெளியே நின்று பாருங்கள்

எல்லோரும் நேராக உள்ளே ஓடுவார்கள். நீங்கள் ஓடாதீர்கள். முன்பக்க மைதானத்துக்குப் போய் அரண்மனையைப் பார்த்து நில்லுங்கள். சாம்பல் நிறக் கருங்கல் உடம்பு, மேலே இளஞ்சிவப்புக் குமிழ் மாடங்கள், நடுவில் 145 அடி உயரக் கோபுரம், உச்சியில் பொன் முலாம் பூசிய கலசம். நடு வளைவுக்கு மேலே கஜலட்சுமி, இரண்டு பக்கமும் யானைகள். இந்து, முஸ்லிம், ராஜபுத்திரர், ஐரோப்பியர் என்று எல்லோர் கட்டட முறையையும் ஒன்றாகப் பிசைந்திருக்கிறார்கள். அது முரணாகத் தெரியாமல் ஒரே கட்டடமாக நிற்பதுதான் இர்வினின் திறமை.

பிறகு முதுகைத் திருப்பிக் கொள்ளுங்கள். வரும் வழியில் பார்த்த சாமுண்டி மலை தெரிகிறதா? உடையார்களின் குலதெய்வம் அங்கே இருக்கிறது. அரண்மனை கிழக்கு நோக்கி, அந்த மலையைப் பார்த்துத்தான் நிற்கிறது.

வளாகத்துக்குள்ளேயே பன்னிரண்டு கோயில்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் போக வேண்டியதில்லை. தெற்கு வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் சுவேத வராகசாமி கோயிலை மட்டும் விட்டுவிடாதீர்கள். உள்ளே இருக்கும் வராகப் பெருமாள் நம் தமிழ்நாட்டு ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து போனவர். சிக்கதேவராய உடையார் தெற்கே படையெடுத்து வந்தபோது கொண்டுபோன மூர்த்தி. முதலில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்து, பிறகு திவான் பூர்ணையா காலத்தில் இங்கே கோயில் கொண்டார். ஊர்விட்டு ஊர் போன சாமியை ஒரு நிமிஷம் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வாருங்கள்.

உள்ளே: வரிசையாக

உள்ளே போனதும் முதலில் வருவது கொம்பே தொட்டி, அதாவது பொம்மைக் கூடம். நவராத்திரிக் கொலுவுக்கு அரண்மனையில் வைத்த பொம்மைகள். இங்கே அதிக நேரம் வேண்டாம், பத்து நிமிஷம் போதும். ஆனால் இந்தப் பக்கத்தில் வைத்திருக்கும் தங்க அம்பாரியிடம் நின்றுவிடுங்கள். யானைமேல் வைக்கும் இருக்கை. மொத்தம் 750 கிலோ எடை, அதில் தங்கம் மட்டும் சுமார் 80 கிலோ. விஜயதசமி ஊர்வலத்தில் ஒரு காலத்தில் மன்னர் இதில் உட்கார்ந்து போவார். மன்னர் ஆட்சி போனபின் சாமுண்டீஸ்வரி அம்மன் போகிறாள். தங்கத்தைப் பார்ப்பதோடு விடாதீர்கள், அந்தக் கனத்தைச் சுமந்துகொண்டு ஜனக்கூட்டத்துக்கு நடுவே பல கிலோமீட்டர் அசையாமல் நடக்கிற யானையையும் அதற்காகப் பழக்கும் பாகனையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது யானை வாசல். கதவில் இரண்டு தலைப் பறவை ஒன்றைத் தேடுங்கள். கண்டபேருண்டம், மைசூர் அரசின் முத்திரை. இன்றைக்குக் கர்நாடக அரசின் சின்னத்திலும் அதுதான். இதைக் கண்டுபிடிக்கும் வேலையைக் குழந்தைகளிடம் கொடுத்தால் அரண்மனை முழுக்க அவர்கள் சலிக்காமல் வருவார்கள். கூரை, கதவு, கம்பி என்று பல இடங்களில் ஒளிந்திருக்கிறது.

இனி வருவது கல்யாண மண்டபம். இங்கே குறைந்தது அரை மணி நேரம். என்னைக் கேட்டால் அரண்மனையிலேயே மிக அழகான இடம் இதுதான். எட்டுப் பட்டை மண்டபம். நிமிர்ந்து பார்த்தால் மயில்கள் நிறைந்த வண்ணக் கண்ணாடிக் கூரை. அதைத் தாங்குவது வார்ப்பிரும்புத் தூண்கள். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் வார்த்துக் கப்பலில் வந்தவை. குனிந்தால் தரையிலும் மயில். மேலே இருக்கும் மயிலும் கீழே இருக்கும் மயிலும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருப்பதைக் கூட்டத்தில் பலர் கவனிப்பதே இல்லை. காலை வெயில் கண்ணாடி வழியாக இறங்கும் நேரத்தில் வந்து சேர்வதற்காகத்தான் ஆறு மணிக்கே பண்ணாரியில் நிற்கச் சொன்னேன்.

மண்டபத்தைச் சுற்றிச் சுவரில் தசரா ஊர்வல ஓவியங்கள் இருக்கின்றன. வரிசையாக நடந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் அது ஒரே ஊர்வலம். ஒரு ஓவியம் முடிகிற இடத்தில் அடுத்தது தொடங்குகிறது. யானை, குதிரை, ஒட்டகம், சிப்பாய்கள், பேண்டு வாத்தியக்காரர்கள், அதிகாரிகள், கடைசியில் அம்பாரியில் மன்னர். புகைப்படங்களைப் பார்த்து வரைந்ததால் முகங்கள் எல்லாம் நிஜ மனிதர்களின் முகங்கள். மாடியில் நின்று எட்டிப் பார்க்கும் பெண்கள், கூட்டத்தில் குழந்தையைத் தூக்கிக் காட்டும் ஆட்கள் வரை வந்திருக்கிறார்கள். மன்னரைப் பார்ப்பதைவிட இவர்களைப் பார்ப்பதுதான் எனக்கு விருப்பம்.

அங்கிருந்து முற்றத்தைக் கடந்து போவீர்கள். விஜயதசமியன்று ஊர்வலம் கிளம்புவதற்கு முன், அரண்மனை முற்றத்தில் வஜ்ரமுஷ்டி என்ற மல்யுத்தம் நடக்கும். ஜெட்டிகள் என்ற பரம்பரை மல்லர்கள் கையில் முள்முனைக் கருவி மாட்டிக்கொண்டு மோதுவார்கள். யாராவது ஒருவர் தலையில் ரத்தம் வந்ததும் நிறுத்திவிடுவார்கள்.

மாடிக்குப் போகும் வழியில் அரச குடும்பத்தின் உருவப் படங்கள் இருக்கின்றன. நான்காம் கிருஷ்ணராஜ உடையார் படத்துக்கு முன் நம் ஆட்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். கிருஷ்ணராஜ சாகர் அணை கட்டியது இவர் காலத்தில்தான். அந்த அணையை ஒட்டி 1924இல் மைசூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் காவிரி ஒப்பந்தம் வந்தது. அதன்பின் எழுந்ததுதான் 1934இல் திறந்த மேட்டூர் அணை. ஈரோட்டிலும் சேலத்திலும் நாமக்கல்லிலும் மேட்டூர் வாய்க்கால் தண்ணீரில் வெள்ளாமை செய்கிற குடும்பங்களின் கதையில் இந்த மனிதருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. காவிரி என்றாலே சண்டை என்று பழகிவிட்ட நமக்கு, அதன் தொடக்கத்தை இந்த முகத்தோடு சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது.

மாடியில் பெரிய தர்பார் மண்டபம். மன்னர் மக்களுக்குக் காட்சி தந்த இடம். வண்ணம் தீட்டிய தூண்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒரு ஓரத்துக்குப் போய், தூண்களுக்கு இடையிலான வளைவுகள் ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரியும்படி நின்று பாருங்கள். நடுவில் நின்றால் அது தெரியாது. ஒரு பக்கம் திறந்தவெளி. அங்கே நின்று மைதானத்தைப் பார்த்தால், மன்னர் எந்த இடத்திலிருந்து ஊர்வலத்தையும் ஜனங்களையும் பார்த்தார் என்பது விளங்கும். கூட்டம் வந்து வந்து போகும், நீங்கள் ஓரமாக நின்றுகொள்ளுங்கள். வயதானவர்களை இங்கே கொஞ்சம் ஆசுவாசப்படுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

கடைசியில் அம்பா விலாசம், மன்னர் முக்கியமானவர்களை மட்டும் சந்தித்த தர்பார். தந்தம் இழைத்த ஈட்டி மரக் கதவு, வெள்ளிக் கதவு, பொன் பூசிய தூண்கள், வண்ணக் கண்ணாடிக் கூரை, தொங்கும் சரவிளக்கு. இத்தனையும் ஒரே நேரத்தில் கண்ணில் படும்போது எதையுமே பார்க்காமல் போய்விடும் அபாயம் இருக்கிறது. அதனால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: தரை. பளிங்கில் வண்ணக் கற்களைச் செதுக்கிப் பதித்துப் பூவும் கொடியும் செய்திருக்கிறார்கள், தாஜ்மகாலில் செய்த அதே வேலைப்பாடு. கண்ணை ஒரு கொடியின் நுனியில் வைத்து அது போகும் வழியெல்லாம் தொடருங்கள். எத்தனை கை எத்தனை நாள் உழைத்திருக்கும் என்பது அப்போதுதான் உறைக்கும்.

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது மணி ஒன்றைத் தாண்டியிருக்கும். வளாகத்தில் அரச குடும்பத்தார் பயன்படுத்திய பொருட்களை வைத்திருக்கும் தனி அருங்காட்சியகம் ஒன்று உண்டு. அதற்குத் தனி டிக்கெட். முதல் தடவைக்கு அது வேண்டாம். ஓவியத்தில் ஆர்வம் உள்ளவர்கள் அந்த நேரத்தை ஜகன்மோகன் அரண்மனைக்குக் கொடுக்கலாம். ரவிவர்மாவின் அசல் ஓவியங்கள் அங்கே இருக்கின்றன.

சாப்பாடும் கடைவீதியும்

அரண்மனையிலிருந்து கே.ஆர். சர்க்கிள் தாண்டி சயாஜி ராவ் ரோட்டுக்கு நடந்தே போகலாம். வழியில் எந்த நடுத்தர ஓட்டலிலும் மைசூர் மசால் தோசை நன்றாக இருக்கும். உள்ளே சிவப்புச் சட்னி தடவித் தருவார்கள். கட்டுச்சோறு கொண்டுவந்தவர்கள் வண்டியில் வைத்துச் சாப்பிட்டுக்கொள்ளலாம், காட்டுப் பாதையில் மட்டும் பிரிக்காதீர்கள்.

அதே ரோட்டில் தேவராஜ மார்க்கெட் இருக்கிறது. பூ, குங்குமம், வாழைப்பழம், வாசனைத் திரவியம் என்று அடுக்கியிருப்பதைப் பார்க்கவே ஒரு சுற்று போகலாம். மைசூர்பா வாங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி: காக்காசுர மாதப்பா என்ற அரண்மனைச் சமையற்காரர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்காகச் செய்ததுதான் முதல் மைசூர்பா என்று சொல்கிறார்கள். இங்கே கிடைப்பது துளை துளையாகக் கொஞ்சம் உதிரியாக இருக்கும். கோயமுத்தூரில் நெய் சொட்டச் சொட்டச் சாப்பிட்டுப் பழகியவர்கள் கால் கிலோ வாங்கி ருசி பார்த்துவிட்டு மேற்கொண்டு வாங்குங்கள். பட்டுச் சேலை வேண்டுமென்றால் கர்நாடக அரசின் பட்டுக் கடைக்கே போங்கள், அசல் மைசூர்ப் பட்டு அங்கே கிடைக்கும்.

திரும்பும்போது

மூன்றரைக்கு மைசூரை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். பஸ்ஸில் வந்தவர்கள் நாலு மணிக்குள் சத்தி வழி வண்டியில் ஏறி உட்கார்ந்துவிடுங்கள். சாவடி ஒன்பது மணிவரை திறந்திருக்கும் என்றாலும் அதை நம்பித் தாமதிக்காதீர்கள். இருட்ட ஆரம்பித்தால் யானை, காட்டெருமை, மான் எல்லாம் சாலைக்கு வரும் நேரம் அது. ஆசனூரை வெளிச்சத்திலேயே தாண்டிவிடுவது நமக்கும் அவற்றுக்கும் நல்லது.

காலையில் ஏறிய வளைவுகளில் இப்போது இறங்க வேண்டும். ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் வழி. இரண்டாவது கியரிலேயே இறக்குங்கள், பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். நியூட்ரலில் விடவே கூடாது.

நஞ்சன்கூட்டிலோ சாமராஜநகரிலோ ஏதாவது தடங்கலாகி, ஒன்பதுக்குள் காரப்பள்ளம் தாண்ட முடியாது என்று தோன்றினால் விரட்டி ஓட்டாதீர்கள். சாமராஜநகரிலேயே லாட்ஜில் அறை எடுத்துத் தங்கிவிட்டு, காலை ஆறு மணிக்குச் சாவடி திறந்ததும் இறங்கினால் போதும். ஒன்பதரைக்குக் கோயமுத்தூரில் இருக்கலாம்.